விட்டு வாசித்த நாலு வரி

அத்தியாயம் ஒன்பது

இந்த வாரம்தான் முதல் தடவையாகத் தாராவிச் சந்துக்குள் காலெடுத்து வைக்கிறவர்களுக்கு ஒரு நிமிஷம் கதை சொல்லியாக வேண்டும். ஆரம்பத்திலிருந்து கூடவே வருகிறவர்கள் அதற்குள் காப்பியை ஆற்றிக்கொள்ளலாம்.

எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. பம்பாயில் இருட்டிய பிறகு விளக்குத் தெரியக் கூடாது என்று உத்தரவு. மூன்று வாரங்களுக்கு முன் மான்குர்த் போகிற ரயில் பாதையில், ஒரு சின்னப் பாலத்துக்கு அடியில் வெடிமருந்துப் பொட்டலம் ஒன்று அகப்பட்டது. நல்ல காலம், வெடிக்கவில்லை. அன்று சாயங்காலமே திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்கள் குடியிருக்கும் இந்தச் சந்திலிருந்து பதினோரு ஆண்பிள்ளைகளைப் போலீஸ்காரர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பத்துப் பேர் வாரம் கழித்து முகம் வீங்கி வந்து சேர்ந்தார்கள். தோல் பை தைக்கிற கார்கானா வைத்திருக்கும் கரீம் பாட்சா மட்டும் மறுநாளே, சட்டை கசங்காமல் வந்தார். வரும்போது கையோடு ஒரு வேலையும் கொண்டுவந்தார்.

வேலை இதுதான். கராச்சிக்கும் பம்பாய்க்கும் இடையே தபால் நின்றுவிட்டதால், அங்கே சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு எல்லாச் செய்தியும் கொழும்பு வழியாக வந்தது. அந்தக் கடிதங்களைப் பிரித்துப் பார்த்த அதிகாரிகள் திகைத்துப் போனார்கள். எழுத்து அரபு எழுத்து. ஆனால் உருது முன்ஷிக்கும் புரியவில்லை, அரபி மௌல்விக்கும் புரியவில்லை. ரகசிய பாஷை என்று முடிவு கட்டினார்கள். ரகசியமாவது ஒன்றாவது! அரபு எழுத்தில் எழுதிய அடுப்படித் தமிழ் அது. பள்ளிக்கூடம் அனுப்பாத பெண்ணுக்கும் அந்த ஊர்களில் வீட்டுக்குள் வைத்தே அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

"எனக்கு வாசிக்கத் தெரியும் சார்" என்று கரீம் பாட்சா போலீஸ் ஆபீசில் சொன்னது சுத்தப் பொய். ஓதுகிற பள்ளியிலிருந்து ஏழு வயதில் ஓடிப்போய் பம்பாய் ரயில் ஏறிய மனிதர் அவர். வாசிக்கத் தெரிந்தது அவர் மனைவி சைனப்புக்கு. அதைச் சொல்லியிருக்கலாம். வீட்டுப் பெண்பிள்ளையின் பேரைப் போலீஸ் காகிதத்தில் எழுத விடுவதா என்று மானம் பார்த்தார். ஊரார் வீட்டுக் கடிதத்தைத் திருடி வாசிக்கும்போது அந்த மானம் எங்கே போயிற்று என்று சைனப் கேட்டாள்.

நாலு கடிதங்கள் ஆயிற்று. இன்று புதன்கிழமை, ஐந்தாவது.

காலை ஏழு மணிக்குக் கரீம் பாட்சா கதவைச் சாத்தித் தாழ் போட்டார். பையிலிருந்து சோற்று டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார். உள்ளே சோறு இல்லை, மடித்த ஏர்மெயில் காகிதம் இருந்தது. நேற்றுச் சோற்றில் ஊற்றிய மீன் ஆணத்தின் கவிச்சை அதில் ஏறியிருந்தது.

"யாருக்கு வந்தது?" என்று சைனப் கேட்டாள்.

"சபுராவுக்கு."

சபுரா மூன்று கதவு தள்ளிக் குடியிருப்பவள். நாற்பது தாண்டியவள், சைனப்புக்கு அக்கா முறை, லாத்தா என்று கூப்பிடுவாள். புருஷன் ஹமீது பத்து வருஷத்துக்கு முன் கராச்சிக்குத் தோல் வேலைக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டான். இங்கே இருப்பது மகன் காசிம் ஒருவன்தான், கப்பல் துறையில் இயந்திரம் பூட்டுகிற பிட்டர். சபுராவுக்கு வருகிற கடிதம் எல்லாவற்றையும் பத்து வருஷமாக வாசித்துச் சொல்கிறவள் சைனப்தான். இனிமேல் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். காலையில் திருட்டுத்தனமாக ஒரு தடவை. தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த பிறகு, சபுரா முன்னால் உட்கார்ந்து, அப்போதுதான் பார்ப்பவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை.

"லாத்தா கடுதாசியையும் விடமாட்டியளா?"

"நானா விடமாட்டேங்கேன்? மாதுங்கா சார் குடுத்தாரு. எட்டரைக்கு சயான் ஸ்டேஷன்ல நிப்பாரு. வாசி."

அரபு எழுத்துள்ள துண்டுக் காகிதம் தரையில் கிடந்தால்கூட எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுவரிடுக்கில் செருகி வைக்கிற வீட்டில் பிறந்தவள் சைனப். முதல் கடிதத்தை வாசிக்கும் முன் தொழுகைக்குப் போல ஒளு எடுத்து, கைகால் கழுவிக்கொண்டுதான் தொட்டாள். இப்போது தொடுவதற்கு முன்னால் கழுவுவதில்லை. தொட்ட பிறகு, முழங்கை வரைக்கும் கழுவுகிறாள்.

கரீம் பாட்சா ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு காதைக் கொடுத்தார். அவள் குமட்டலுக்குப் பாதிக் காரணம் இந்தச் சாப்பாடுதான். முதல் நாள் கைகால் உதற உட்கார்ந்திருந்த மனிதர், இப்போது மென்றுகொண்டே கேட்கிறார். போன வாரம் ஒரு சின்னப் பெண் தன் அக்காவுக்கு எழுதிய கடிதம் வந்தது. வயிற்றில் தங்காமல் போன பிள்ளையைப் பற்றி, ஆண்பிள்ளை காதில் விழக் கூடாத விஷயமெல்லாம் எழுதியிருந்தாள். சைனப் அதை விட்டுத் தாண்டப் பார்த்தபோது, "ஏன் நிறுத்திட்ட? அதையும் வாசி" என்றார். அந்த அவசரத்தில் கடமை மட்டும் இல்லை, ஒரு ருசியும் இருந்தது. சீ என்று வந்தது அவளுக்கு. இன்னும் அது போகவில்லை.

கூடவே, போன வாரம்தான் கார்கானாவுக்கு ராணுவ பெல்ட் தைக்கிற ஆர்டரும் வந்திருந்தது. யார் சொல்லி வந்தது என்று சந்தில் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே கேட்ட மாதிரிதான்.

சைனப் வாசிக்க ஆரம்பித்தாள். எழுதியிருந்தது ஹமீதின் அக்கா.

"'அன்புள்ள சபுராவுக்குக் கொழும்பிலிருந்து உன் நாத்தினாள் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சுகம். உன் சுகத்துக்கும் காசிம் சுகத்துக்கும் துவாச் செய்கிறோம். இங்கே அரிசி விலை ஏறிவிட்டது. சின்னவளுக்குக் கண்வலி வந்து குணமாயிற்று…'"

அடுத்த பாராவுக்கு வந்தாள். கண் முன்னே ஓடி, குரல் பின்னே நின்றது.

'தம்பி இங்கே வந்து பதினாறு நாள் ஆகிறது. தோணியில் கிளம்புகிறான். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு மான்குர்த்தில் ரஹ்மத்துல்லா வீட்டில் இருப்பான். காசிமைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார், வேறு யாருக்கும் மூச்சு விடாதே.'

நாலு வரி.

அடுப்புப் புகையைக் காரணமாக வைத்துச் சைனப் இருமினாள். இருமிவிட்டு, ஐந்தாவது வரியிலிருந்து எடுத்தாள். "'காசிமுக்குப் பெண் பார்க்கிறாயா? நல்ல இடம் வந்தால் தட்டாதே…'"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"ஹமீதைப் பத்தி ஒண்ணும் இல்லியா?"

"தம்பி சுகம்னு எழுதிருக்கு."

"இன்னொரு வாட்டி வாசி."

வாசித்தாள். இந்தத் தடவை இருமவில்லை, 'தம்பி சுகம்' என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டு அதே இடத்தில் தாண்டினாள். கரீம் பாட்சாவுக்கு எழுத்து ஏறாதே தவிர, காது மகா கெட்டி. இரண்டு தடவை கேட்டால் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வார். சொல்லிப் பார்த்துக்கொண்டார். அரிசி விலை, கண்வலி, தம்பி சுகம், காசிமுக்குப் பெண். திருப்தியாக ஏப்பம் விட்டு, கடிதத்தை டப்பாவுக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

சைனப் குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

மத்தியானம் வரைக்கும் அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. காட்டிக்கொடுக்கவில்லை என்ற நிம்மதி அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. ஏனென்றால் கடிதத்தில் இருந்த ஊர்ப் பேர் மான்குர்த்.

பொட்டலம் அகப்பட்டதும் அந்தப் பாதையில்தான். பத்து வருஷமாக வராத மனுஷன், இரண்டு நாடும் அடித்துக்கொள்கிற நேரமாகப் பார்த்து, தோணியில் ஒளிந்து ஏன் வர வேண்டும்? பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்கவா? இல்லை, வெடிக்காமல் போனதை வெடிக்க வைக்கவா? அந்த ரயிலில் ஏறுவது யார்? தோல் கிடங்குக்குக் கூலி வேலைக்குப் போகிற பெண்கள், மீன் கூடைக்காரிகள், நம் சனம். நாலு வரியை விழுங்கி அவள் காப்பாற்றியது ஒரு அப்பாவியையா, ஒரு கொலைகாரனையா? அவளுக்குத் தெரியவில்லை. தெரியாத விஷயத்தில் போலீஸ் பக்கமும் நிற்கக் கூசியது, இந்தப் பக்கமும் நிற்கப் பயமாக இருந்தது.

ஒன்றை மட்டும் முடிவு செய்தாள். சபுராவுக்கு முழுக் கடிதத்தையும் வாசித்துக் காட்டுவது. காட்டிவிட்டு, காலைப் பிடித்தாவது ஹமீதை வரவிடாமல் தடுக்கச் சொல்வது. வராவிட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. கணக்குச் சரியாக வந்தது போலத்தான் இருந்தது.

இரண்டரை மணிக்குச் சபுரா வந்தாள். கையில் அதே கடிதம், உறை பத்திரமாக ஒட்டியிருந்தது.

"ஏளா சைனப்பு, மதினி எழுதிருக்கா போல. வாசி."

அவளே உறையைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் உட்காருவாள். சைனப் முகத்தைப் புதிதாக ஆக்கிக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினாள். இவளுடைய நம்பிக்கையை வைத்துத்தானே நம் வீட்டில் ரொட்டி வேகிறது என்று நினைத்தபோது தன் குரலே தனக்கு அசிங்கமாகப் பட்டது.

"'…இங்கே அரிசி விலை ஏறிவிட்டது…'"

முழங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. சைனப் திரும்பிப் பார்த்தாள். சபுரா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

அரிசி விலைக்கு யாராவது அழுவார்களா?

சபுராவின் கண்கள் சைனப்பின் விரல் இருந்த இடத்தில் இல்லை. கீழே, அடுத்த பாராவில், வலமிருந்து இடமாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. சைனப் உள்ளங்கையை விரித்து அந்த நாலு வரிகளையும் மூடினாள். சபுராவின் கண் கையின் விளிம்பில் வந்து நின்றது.

"லாத்தா, உனக்கு வாசிக்கத் தெரியும்."

சபுரா மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும். எங்க உம்மா சொல்லித் தந்தது."

"அப்பொ பத்து வருஷமா என்னை எதுக்கு வாசிக்கச் சொன்ன?"

"தனியா இருந்து வாசிச்சா நெஞ்சு அடைக்கும்ளா. ஒரு ஆளு வாயால கேட்டா, யாரோ வந்து பக்கத்துல இருந்து பேசுதாப்ல இருக்கும். அதுக்குத்தான். வேற எதுக்கும் இல்ல."

சைனப்புக்கு ஒரு நிமிஷம் இரக்கமாக இருந்தது. பாவம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சபுரா அடுத்ததையும் சொல்லிவிட்டாள்.

"இந்தக் கடுதாசியை நான் நேத்து சாயங்காலம் அஸருக்கே வாசிச்சுட்டேன்."

"நேத்தா? இன்னைக்குத்தானே தபால்ல…"

சொல்லும்போதே சைனப்புக்கு விளங்கிவிட்டது. அவளுடைய கை காகிதத்திலிருந்து தானாக நகர்ந்துகொண்டது.

"உனக்கும் அந்த மாதுங்கா சார் குடுக்காரா?"

"காசிமைப் போலீஸ்ல கொண்டுபோய் வச்சிருந்தாவல்லா, அப்பொ கூப்பிட்டு விட்டாரு. அம்மா, அம்மான்னு ரொம்ப மரியாதை. ஒரு ஆளு வாசிச்சாப் போதாதாம், ரெண்டு பேரு வாசிச்சு ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் நம்புவாராம். முதல்ல எனக்கு வரும். மறுநாக் காலைல பாட்சாவுக்கு."

"நாலு வரியையும் சொன்னியா?"

"சொன்னேன்."

"அல்லாவே! அது உன் மாப்பிளைலா லாத்தா, கட்டின புருஷன்!"

"காசிம் என் வயித்துல பொறந்தவன்." சபுராவின் அழுகை நின்றுபோய்க் குரல் கெட்டியாயிற்று. "அவன் முதுகை நீ பாத்தியா? நான் பாத்தேன். மஞ்சளும் எண்ணெயும் போட்டு எட்டு நாள் குப்புறப் படுக்கவச்சேன். திரும்பக் கொண்டுபோனா அவன் தாங்குவானா? அவன் வாப்பாவுக்கு அங்க இன்னொருத்தி இருக்கா, ரெண்டு பிள்ளை இருக்கு. மூணு வருஷம் முந்தி அதையும் நீதான் வாசிச்ச. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அன்றைக்கும் சபுரா இப்படித்தான், தோளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அவரு எதுக்கு வாராரு லாத்தா? அந்தப் பாலத்து விஷயமா?"

"எனக்கென்ன தெரியும்? பாத்தே பத்து வருஷமாச்சு. நல்லவரா வாராரா, நாசமாப் போறதுக்கு வாராரா, ரெண்டும் எனக்கு ஒண்ணுதான். என் பிள்ளை இங்க இருக்கணும்." கடிதத்தை எடுத்து மடித்தாள். "நீயும் வாசிச்சுக் குடுத்திருப்பல்லா. எனக்குத் தெரியும். பாட்சாவுக்கு அலிப் எதுன்னு தெரியாது, நீதான் வாசிக்கேன்னு அப்பவே தெரியும். அதை நான் சார்ட்ட சொல்லல. உன் பேரு எதுக்கு அங்க?"

"நான் அந்த நாலு வரியை வாசிக்கல."

"என்னது?"

"அவுகளுக்கு வாசிச்சுக் காட்டல. தாண்டிட்டேன். உனக்காகத்தான் லாத்தா."

சபுராவின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. "ஏளா பாவி! என்ன காரியம் பண்ணின? நான் சொன்னதுல இருக்கும், பாட்சா சொன்னதுல இருக்காது. மறைச்சாருன்னுலா நினைப்பாவ. அந்த ஆளுக்கு உடந்தைன்னு தூக்கி உள்ள போட்டுருவானுவளே!"

சைனப் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பொய் சொன்னாளோ, அவள் முதல் நாளே புருஷனை விற்றுவிட்டு வந்து, கடைசிக் கடிதத்தை இன்னொருத்தி குரலில் கேட்டு அழ ஆசைப்பட்டிருக்கிறாள். ஆத்திரம்கூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது. இவள் மேல், அந்தச் சாரின் மேல், டப்பாவில் கடிதம் கொண்டுவருகிற தன் புருஷன் மேல், எல்லாம் தெரிந்தும் நல்லவள் வேஷம் போட நினைத்த தன் மேல். சந்தில் ஒருத்தர் விடாமல் அடுத்தவர் எச்சிலை நக்கிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

"போ லாத்தா. எந்திரிச்சுப் போயிரு."

சபுரா கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சைனப் கார்கானாவுக்கு ஓடினாள். அங்கே தையல்காரர்கள் காக்கி நிற பெல்ட்டுகளுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். "பாட்சா பாய் சுபஹ் சே நஹி ஆயா பாபி" என்றான் ஒருவன். காலையிலிருந்தே வரவில்லை. அஸர் தொழுகை முடிந்தும் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தின் ஓரம் பிரிந்திருந்ததைக் கூழ் தடவி ஒட்டினாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

ஆறு மணிக்குக் கதவு திறந்தது.

முன்னால் கரீம் பாட்சா. சட்டை இப்போது கசங்கியிருந்தது. பின்னால் வெள்ளைச் சட்டையும் தோல் பையுமாக ஒருவர், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மாதுங்கா சார் என்று சந்தில் சொல்கிற வேங்கடசுப்ரமணியன் இவர்தான் என்று சைனப்புக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அறையைக் குறுக்கே மறைத்த சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"வீடு ரொம்பச் சுத்தமா இருக்கே பாட்சா. உட்காருங்கோ." தன் வீடு மாதிரி கரீம் பாட்சாவை உட்காரச் சொன்னார். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "சபுராம்மா கிட்டேயிருந்து இப்பத்தான் திரும்ப வாங்கிண்டு வரேன். காலையில வாயால சொன்னேள். இப்போ ஒருதரம் பார்த்து வாசிங்கோ."

கரீம் பாட்சா காகிதத்தை வாங்கினார். சேலை இடுக்கு வழியாகச் சைனப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விரலை முதல் வரியில் வைத்தார், சரியாக வலது ஓரத்தில். அந்த அளவுக்குத் தெரியும். விரலை நகர்த்தினார், வாய் ஓடியது.

"'அன்புள்ள சபுராவுக்குக் கொழும்பிலிருந்து உன் நாத்தினாள் எழுதிக்கொண்டது…'"

ஒரு சொல் பிசகவில்லை. காலையில் அவள் வாசித்த அதே ஏற்ற இறக்கம். மாதுங்கா சார் மடியில் இன்னொரு தாளை வைத்துக்கொண்டு பென்சிலால் சொல் சொல்லாகத் தட்டிக்கொண்டு வந்தார். கண்வலி வந்தது, குணமாயிற்று. பென்சில் நின்றது.

"'தம்பி சுகம். காசிமுக்குப் பெண் பார்க்கிறாயா…'"

"இருங்கோ. அந்தப் பாராவை மறுபடி வாசிங்கோ."

மறுபடியும் அதையே சொன்னார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக வந்துவிட்டது. எங்கே தப்பு என்றே தெரியாமல் தப்புச் செய்துகொண்டிருந்தார் மனுஷர்.

"பாட்சா, நான் தமிழன். இது தமிழ்தான்னு சொல்றேள். ஆனா என்னால வாசிக்க முடியலை, அதனால உங்களை நம்பினேன்." குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. "மூணு தடவையும் ஒரே இடத்தில நாலு வரியைத் தாண்டறேள். அதில ஒரு ஆள் வரான், நாள் இருக்கு, இடம் இருக்கு. கீழே வண்டி நிக்கறது. இந்தத் தடவை மறுநாளே வந்துட முடியாது."

"சார், சத்தியமா சார்… இருக்கதைத்தானே சார் சொல்லுதேன்…"

அவர் தப்பித்துக்கொள்ள ஒரு வாசகம் போதும். 'வாசித்தது என் பெண்டாட்டி.' சைனப் அதற்காகக் காத்திருந்தாள். கரீம் பாட்சா சேலைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். நாலு வரியை விழுங்கியது யார் என்று அந்தப் பார்வையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, வண்டிக்குப் போக எழுந்து நின்றார்.

பாழாய்ப் போன மனுஷன்! இத்தனை அசிங்கத்துக்கு நடுவிலும் இந்த ஒன்றை மட்டும் விடாமல் வைத்திருந்தார். முழுசாக வெறுத்துவிட்டுப் போகவும் விடவில்லை அவளை. சைனப் சேலையை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அவுகளுக்கு எழுத்துத் தெரியாது. வாசிச்சது நான். நாலு வரியை விட்டதும் நான்தான். அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது."

"சைனப்பு, உள்ள போ!"

"நீங்க சும்மா இருங்க."

மாதுங்கா சார் பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார். கோபமே இல்லை அவர் முகத்தில். தொலைந்த சாவி கிடைத்தவர் மாதிரி நிதானமாக அவளைப் பார்த்தார்.

"அப்போ அஞ்சு கடிதமும் நீங்கதானா? நான் பாட்சாவைச் சந்தேகப்பட்டது தப்பு. உட்காருங்கோம்மா." பையைத் திறந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். "இது வந்த கடிதம் இல்லை, இங்கேயிருந்து போனது. ஒன்பது நாளா என் மேஜையில இருக்கு. அனுப்பினவா பேர் இல்லை. சபுராம்மா வாசிச்சுச் சொல்லிட்டா, யார் எழுதினதுன்னு தெரியாதுன்னுட்டா. ரெண்டாவது ஆளா நீங்க வாசிங்கோ. ரெண்டும் ஒண்ணா இருந்தா நாம மேலே பேசலாம்."

சைனப் வாங்கினாள். பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது, தன் கையெழுத்து.

மூன்றாவது கடிதத்தை வாசித்த அன்று, கொழும்பிலிருக்கும் அண்ணன் சலாவுதீனின் மனைவிக்கு உட்கார்ந்து எழுதி, நாக்கா முச்சந்தியில் இருந்த தபால் பெட்டியில் தானே போய்ப் போட்டது. அங்கே உள்ள நம் பெண்களுக்கெல்லாம் சொல்லிவிடு, இனி யாரும் மனசில் இருப்பதை எழுத வேண்டாம், எல்லாவற்றையும் பிரிக்கிறார்கள் என்று எச்சரித்த கடிதம். அதை எழுதிய காரணமும், தன் புருஷனே அந்தக் கடிதங்களைக் கொண்டுவருகிறார் என்பது, முதல் பாராவிலேயே இருந்தது.

தாண்டி வாசிக்க இனி வழியில்லை. சபுரா முழுவதையும் சொல்லியிருக்கிறாள், பென்சில் மறுபடி வெளியே வந்துவிட்டது. சபுரா யார் எழுத்தென்று சொல்லாமல் விட்டாலும், முதல் பாரா சொல்லிவிடும்.

கரீம் பாட்சா மெதுவாக உட்கார்ந்தார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, தினமும் காலையில் கொடுக்கிற மாதிரியே காதைக் கொடுத்தார். தன்னைக் காப்பாற்ற வெளியே வந்தவளை, தப்பில்லாமல் வாசிக்க வேண்டுமே என்ற கவலையோடு பார்த்தார்.

வெளியே விளக்கணைக்கச் சொல்லி விசில் ஊதிக்கொண்டு ஒருவன் போனான். சைனப் விரலை வலது ஓரத்தில் வைத்தாள்.

"'அன்புள்ள மதினிக்கு, தாராவியிலிருந்து எழுதிக்கொண்டது'" என்று வாசித்தாள். "'என் மாப்பிள்ளை தொட்ட சோற்றைச் சாப்பிட எனக்கு அருவருப்பாக இருக்கிறது…'"